யாரும் சாகாத படம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் அந்தக் காலத்து வீடியோ டெக்குக்கு வந்துவிடும். யார் வீட்டில் முதலில் படம் போட்டார்கள், ஒரே மூச்சில் எத்தனை படம் பார்த்தோம், கரண்ட் போனபோது டெக்குக்காரர் யாரிடம் திட்டு வாங்கினார் என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறீர்கள். எல்லாரும் சொல்லி முடித்ததும் என்னைப் பார்ப்பீர்கள். நான் காபி போட எழுந்து போய்விடுவேன். "இவளுக்கு மட்டும் ஒன்றும் ஞாபகம் இருக்காது" என்று நீங்கள் கேலி செய்வது அடுப்படி வரைக்கும் கேட்கும். ஞாபகம் இல்லாமல் இல்லை. அந்தப் படத்தை முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரைக்கும் இப்போதும் என்னால் ஒப்பிக்க முடியும். மூன்று நாளில் அதை ஆறு தடவை பார்த்தவள் நான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஜேடர்பாளையம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். மாசி மாதம். கிணறுகளில் தண்ணீர் கீழே போய், வெயில் காலையிலேயே முதுகில் ஏறுகிற பருவம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு போர்வெல் வண்டி இருந்தது. அப்பா தோட்டம் காட்டைப் பார்த்துக்கொண்டார். வண்டியோடு வடக்கே போனது சித்தப்பா. தீபாவளி கழிந்ததும் கிளம்பினால் மழை தொடங்கும்போதுதான் வீடு திரும்புவார். எந்த ஊரில் எத்தனை அடி இறக்கினார்கள், எந்த ஊரில் பாறை வந்தது என்பதெல்லாம் கடிதத்தில் வரும். வீட்டிலிருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்பது கடைசி வரியில் வரும்.

சித்தப்பா திரும்பி வந்தால் வீடு முழுக்க கிரீஸ் வாசம் அடிக்கும். இரண்டு தடவை குளித்தாலும் காது மடிப்பில் கல் மாவு வெள்ளையாகப் படிந்திருக்கும். சின்னம்மா முந்தானை நுனியைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு அதைத் துடைத்து எடுப்பாள். "காதோட வருதா பாரு" என்று அவர் கத்துவார். சின்னம்மா சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பவர்கள். சின்னம்மா மட்டும் வாய் விட்டுச் சிரிப்பாள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நினைத்துக்கொண்டு மறுபடியும் சிரிப்பாள். "ரோட்டுக்குக் கேக்குது" என்று அம்மா அதட்டுவாள். அதற்கும் ஒரு சிரிப்பு. எனக்கு அந்த வீட்டில் அவளைத்தான் பிடிக்கும்.

அந்த வருஷம் சின்னம்மாவுக்கு எட்டாம் மாதம். முந்தைய வருஷம் ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அதனால் இந்தத் தடவை சேலத்தில் அஸ்தம்பட்டி டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். கனமானதைத் தூக்கக்கூடாது, மேடு பள்ளத்தில் பஸ்ஸில் குலுங்கக்கூடாது, மனசு அதிர்கிற மாதிரி எதையும் சொல்லக்கூடாது என்று அவர் மூன்று கட்டளை போட்டார். முதல் இரண்டையும் வீட்டில் பாதிதான் கேட்டார்கள். தண்ணீர்க் குடம் தூக்கத்தான் செய்தாள். மூன்றாவதைத்தான் வேத வாக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் தந்தி வந்தது. சின்னம்மா பின்கட்டில் வெந்நீர் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். நான் சடை பின்னிக்கொண்டிருந்தேன். அப்பா காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மேலூட்டுப் பெரியப்பா வீட்டுக்கு நடந்தார். பள்ளிக்கூடத்துக்கும் அதே வழிதான் என்று நானும் பின்னாலேயே போனேன்.

மேலூட்டுப் பெரியப்பா அப்பாவின் பெரியப்பா மகன். எங்கள் வகையறாவில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வைத்ததுதான் சட்டம். இங்கிலீஷ் தந்தி என்றால் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த டீச்சர்தான் படிக்க வேண்டும். டீச்சர் சேலம் டவுன்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தவர். கையில் ஈரத் துண்டோடு இறங்கி வந்து படித்துச் சொன்னார்.

"தம்பி நிலைமை மோசம், அவர் மனைவியைக் கூட்டிக்கிட்டு உடனே புறப்பட்டு வரவும்னு வண்டி மேனேஜர் குடுத்திருக்காருங்க. ஆஸ்பத்திரி பேரும் போட்டிருக்கு."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார். "போயிட்டானப்பா நம்ம பையன்."

"இல்லீங்க, நிலைமை மோசம்னுதானே போட்டிருக்கு" என்றார் டீச்சர். "உயிரோட இருக்காருங்க."

"டீச்சரம்மா, நீங்க டவுனு. உங்களுக்கு எங்க பழக்கம் தெரியாதுங்க. இந்தப் பக்கம் தந்தியில சாவச் சொல்ல மாட்டோம். படிச்ச ஒடனே ஊட்டுல இருக்கறவங்க உழுந்துருவாங்கன்னு இப்பிடித்தான் அடிக்கறது. நானே நாலு தந்தி குடுத்திருக்கறனுங்க. நாலும் பொணமாத்தான் வந்துது."

அவர் சொன்னது பொய்யில்லை. லாரிக்கும் போர்வெல் ரிக்குக்கும் போகிற ஆட்கள் வடக்கே இறந்துபோனால், கூட இருப்பவர்கள் 'நிலைமை மோசம்' என்றுதான் தந்தி அடிப்பார்கள். அடிக்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். அந்தத் தந்தி வந்ததும் எங்கள் ஊர் ஆண்கள் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்க மாட்டார்கள், பிணத்தைக் கொண்டுவர வேன் விசாரிப்பார்கள்.

"அப்ப மனைவியை ஏங்க கூட்டிட்டு வரச் சொல்லணும்?" என்று டீச்சர் விடவில்லை.

"அதையும் சேத்தித்தான் அடிப்பாங்க. அப்பத்தான நம்பற மாதிரி இருக்கும்?"

"ஒருவேளை நிஜமா இருந்தா? ரயில்ல படுத்துக்கிட்டே போயிடலாங்க. அந்த டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. நான் வேணும்னா லீவு போட்டுட்டுக் கூடப் போறேன்."

"எட்டு மாசக்காரிய அத்தன தூரம் இழுத்துட்டுப் போயி, பொணத்துக்கு முன்னால நிறுத்தச் சொல்றீங்களா? புள்ளையும் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? அவன்தான் போயிட்டான். அவன் வித்தாவது தங்கட்டும்."

அப்பா கடைசி வரை வாயே திறக்கவில்லை. டாக்டரம்மாவை யாரும் கேட்கவில்லை. பெரியப்பா அப்போதுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "அம்மிணி, இது ஊட்டுல பேசற பேச்சில்ல, என்ன?" என்றார். தலையை ஆட்டினேன். அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அப்பா மத்தியானம் சேலத்துக்கு ரயிலேறக் கிளம்பினார். வண்டி ரிப்பேராகி நிற்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சின்னம்மாவிடம் சொன்னார். சின்னம்மா அவசர அவசரமாக நிலக்கடலை உருண்டை பிடித்து, வாழைச் சருகில் கட்டிக் கொண்டுவந்தாள். "அவருக்குக் குடுத்துருங்க மாமா. நான் நல்லாத்தான் இருக்கறன்னு சொல்லுங்க." அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாவுச் சேதி ஊருக்குள் பரவுவதற்குத் தந்தியெல்லாம் தேவையில்லை. பொழுது சாய்வதற்குள் சொந்தக்கார ஒறம்பரைச் சனம் வர ஆரம்பித்துவிட்டது. சேதி கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்வது எங்கள் ஊர் முறை. பிணம் வர நாலு நாள் ஆனாலும் உட்கார்ந்திருப்பார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரு காரணமும் சொல்லாமல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இத்தன சனம்? ஏதாச்சும் நோம்பியா, விசேஷமா?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

இப்படியே விட்டால் விடிவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். பெரியப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று நாளைக்கு டெக்கு வாடகைக்கு எடுப்பது. படம் போட்டால் சனம் வருவதற்கு ஒரு காரணம் ஆயிற்று. அவளும் வீட்டை விட்டு நகர மாட்டாள். வாசலில் அழுகிற பெண்களையும் உள்ளே உட்கார வைத்து அடக்கிவிடலாம். அந்த யோசனையை அன்றைக்கு எல்லாரும் மெச்சினார்கள். பெரியப்பாவின் தலையே தலை என்று ஒருவர் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

சனிக்கிழமை காலையில் திருச்செங்கோட்டிலிருந்து டெக்குக்காரர் டெம்போவில் வந்து இறங்கினார். கலர் டிவியைப் பச்சைப் பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி மெத்தையில் சுற்றி வைத்திருந்தார். டெக்கு அவர் மடியில் இருந்தது. அதை யாரையும் தொட விடவில்லை. ஸ்டெபிலைசர் என்று இரும்புப் பெட்டி ஒன்று, முள் ஆடுகிற கண்ணாடியோடு. பெரியப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேட்டார்.

"இதுல யாராச்சும் சாவறாங்களா?"

"அதுல அம்மா செத்துருமுங்க. அதுக்கப்பறம்தானுங்க கதையே."

"இது?"

"இதுல தாலி அறுக்கற சீனுதானுங்க பிரமாதம். பொம்பளைங்க எந்திரிச்சே போக மாட்டாங்க."

"அக்கட்டால வெய்யி. இது?"

"இது துப்பறியற படமுங்க. சண்டையெல்லாம் இருக்கும், ஆனா பூராவும் சிரிப்பு. துப்பாக்கியில படபடன்னு சுடுவாங்க, ஒருத்தனும் சாவ மாட்டானுங்க."

"அப்ப அதையே போடு. திரும்பத் திரும்ப அதையே போடு."

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "சின்னம்மா பக்கத்துலயே உக்காந்துக்க. எந்திரிச்சு எங்க போனாலும் கூடப் போ. யாராச்சும் வந்து அதைக் கட்டிப்புடிச்சு அழுவற மாதிரி இருந்தா என்னைக் கூப்புடு. எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு." வீட்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பெரிய வேலை அது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதில் பெருமையாக இருந்தது.

ஜன்னல்களில் பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தார்கள். பட்டப்பகலில் வீடு இருண்டது. ஐம்பது பேர் மூச்சு, வேர்வை, எண்ணெய்த் தலை, சூடாகிற ஒயர் வாசம். சின்னம்மாவுக்கு மட்டும் முன்னால் நாற்காலி. காலை நீட்டிக்கொள்ள ஒரு முக்காலி. அவள் காலடியில் நான்.

படத்தில் ஒரு ரகசியப் போலீஸ்காரன். வேஷம் போடுவதில் கெட்டிக்காரன் என்று அவனே சொல்லிக்கொள்வான், ஆனால் போட்ட வேஷம் ஒன்றுகூட நிற்காது. வில்லன் மாளிகைக்குச் சமையல்காரனாகப் போவான். பாயசம் பரிமாறும்போது ஒட்டு மீசை பாயசத்துக்குள் விழுந்துவிடும். வில்லன் அதைக் கரண்டியில் எடுத்துப் பார்த்துவிட்டு, முந்திரி கருகிவிட்டது என்று சமையல்காரனைத் திட்டுவான். திருட்டு வரைபடத்தை ஒரு பூசணிக்காய்க்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். அது சந்தைக்குப் போய்விடும். இரண்டு கூட்டமும் சந்தையில் புகுந்து ஒரு லோடு பூசணிக்காயையும் உடைக்கும். சுடுவார்கள், தண்ணீர்த் தொட்டியில் விழுவார்கள், தும்மிக்கொண்டு எழுந்து வருவார்கள். டெக்குக்காரர் சொன்னது சரிதான். ஒருத்தனும் சாகவில்லை.

மீசை விழுந்தபோது சின்னம்மா சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு சிரித்தாள். விக்கல் வந்தது. நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தேன். அவள் சிரித்ததும் பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு கிழவி தாங்க மாட்டாமல் கேவிவிட்டாள். சின்னம்மா திரும்பிப் பார்த்தாள். "சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு சாமி" என்றாள் கிழவி. "எனக்குந்தானுங்க" என்று சொல்லிச் சின்னம்மா மேலும் சிரித்தாள். துப்பறியும் படம் டிவியில் ஓடியது. வேஷம் போட்டது நாங்கள்தான். எங்கள் மீசை ஒன்றும் கீழே விழவில்லை.

"உங்க சித்தப்பா வந்ததும் இந்தப் படத்த ஒருக்கா போடச் சொல்லோணும் கண்ணு. அந்தப் பூசணிக்காய் சீனுக்கு அவரு குதிச்சுருவாரு" என்று என் தலையைத் தட்டினாள். அன்று மத்தியானம் மறுபடியும் அதே படம்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியின்போது அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். படத்தின் நடுவில் குனிந்து என் காதருகே கேட்டாள். "ஏன் சாமி, எல்லாரும் என்னையவே பாக்கறாங்க? படத்த யாருமே பாக்கலயே. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

எனக்குத் தெரியும். தந்தி வந்தது தெரியும். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியும். உயிரோடு இருக்கிறார் என்று டீச்சர் சொன்னதும் தெரியும். எங்கள் டீச்சர் சொல்லித் தப்பாகப் போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவள் எழுந்திருப்பாள். நடந்தாவது சேலம் போயிருப்பாள். பெரியப்பாவின் எந்தச் சட்டமும் அதைத் தடுத்திருக்காது.

அம்மாவுக்குப் பயந்து சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, சொன்னால் படம் நின்றுவிடும். பூசணிக்காய்க் காட்சி இன்னும் வரவில்லை. நான் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

"ஒண்ணும் தெரியாதுங்க சின்னம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

மத்தியானக் காட்சி பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது, அப்பா போன் பண்ணியிருக்கிறார் என்று அரிசி மில்லில் இருந்து ஆள் ஓடிவந்தார். ஊருக்கே அங்கேதான் ஒரு போன். பெரியப்பா போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியவர் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்தார். சின்னம்மாவுக்குத் தண்ணீர் மொள்ள நான் அங்கே போயிருந்தேன். அம்மாவும் டீச்சரும் நின்றிருந்தார்கள்.

"உசுரோட இருக்கறானாம்" என்றார் பெரியப்பா. அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ராடு கழண்டு நெஞ்சுல உழுந்துருக்குது. நெனப்பு இருக்குதாம், பேசறானாம். தந்தி குடுத்தமே, அவள ஏன் கூட்டியாரலைன்னு கேக்கறானாம்."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

டீச்சர் அழவில்லை, கோபப்பட்டார். "இப்பவாவது கூப்பிடுங்க. நான் கூடப் போறேன். கார் சொல்லுங்க."

"அங்க போயிச் சேர ஒண்ணரை நாளாகுமுங்க..."

"ஆகட்டும். அவரு காத்துட்டு இருக்காரு."

உள்ளேயிருந்து சின்னம்மாவின் சிரிப்பு கேட்டது. பெரியப்பா அந்தப் பக்கம் பார்த்தார். சாகாதவனைச் சாகடித்துவிட்ட கூச்சமா, அந்தச் சிரிப்பை நிறுத்தப்போவது தான்தான் என்ற பயமா, எது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. "படம் முடியட்டும்" என்றார். "இத்தன சனத்துக்கு நடுவுல எப்பிடிச் சொல்றது? படம் முடிஞ்சு எல்லாரும் கலையட்டும். சொல்லிப் போடலாம்."

படம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முடிந்தபோது சின்னம்மா சிரித்துக் களைத்து, பாயில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். சித்தெ நேரம் தூங்கட்டும் என்றாள் அம்மா. டீச்சர் மட்டும் நிலைப்படியில் நின்றபடி, எழுப்புங்க, எழுப்புங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் கார் எங்கே கிடைக்கும், எந்த ரயில் என்று வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மில்லிலிருந்து மறுபடியும் ஆள் வந்தார். இந்தத் தடவை அவர் ஓடி வரவில்லை. நடந்து வந்தார்.

திங்கட்கிழமையும் படம் போட்டார்கள். இப்போது நிஜமாகவே பிணம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று டெக்கைத் திருப்பி அனுப்பினால் சந்தேகம் வரும் என்றார்கள். "போதுங்க்கா, நாலு தடவ பாத்தாச்சு" என்று சின்னம்மா எழப் பார்த்தாள். "சனம் வந்திருக்குதல்ல, உக்காரு" என்று அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். மீசை விழுந்தது. சின்னம்மா எல்லாரும் எதிர்பார்க்கிறார்களே என்று மரியாதைக்குச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. சனம் கூடி அழுத அந்த அழுகையை எழுத எனக்குக் கை வராது. அழுகையெல்லாம் ஒரு மட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். சின்னம்மா சித்தப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"எப்பங்க மாமா?"

"ஞாயித்துக்கெழம பொழுதோட அம்மிணி."

"என்னையக் கேட்டாரா?"

அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. மூன்று நாளாக அவர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. "கேட்டுட்டேதான் இருந்தான்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "தந்தி வெள்ளிக்கெழமையே வந்துருச்சு அம்மிணி. நாங்கதான் செத்துட்டான்னு நெனச்சுப் போட்டோம்."

சின்னம்மா எழுந்தாள். யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். "உங்களுக்குத் தெரியுமாக்கா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்குங்க பெரியவரே?" பெரியப்பா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தார், அவள் நகர்ந்துவிட்டாள். சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொன்ன கிழவியையும் கேட்டாள். கடைசியில் என்னிடம் வந்தாள். குனிய முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடித்து என் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"உனக்குமா சாமி?"

"இல்லீங்க சின்னம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவள் அழுதது அப்போதுதான்.

அதிர்ச்சி தாங்க மாட்டாள் என்று சொன்னார்களே, தாங்கினாள். குழந்தை நாள் தவறாமல், சுகமாகப் பிறந்தது. பெண். அதற்குள் சின்னம்மா ஜேடர்பாளையத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. ஊர் அவளை விட்டுவிடவில்லை. புருஷன் சாகக் கிடக்கும்போது டிவி பார்த்துச் சிரித்தவள் என்று பேச்சு கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்து சிரி சிரி என்று சொன்ன அதே வாய்கள்தான் பேசின. அவளை அங்கே உட்கார வைத்தது யார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். ஆனால் நானும் வாயைத் திறந்ததில்லை. அப்பா வண்டியை விற்றார். டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு சேலத்துக்கே போனார். பெரியப்பா சாகும்வரை நல்லதுக்குத்தான் செய்தோம் என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

சின்னம்மா என்னை மட்டும் விடவில்லை. என் கல்யாணத்துக்கு அந்த வகையறாவில் யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, எனக்குப் பூ வைத்துவிட்டுப் போனாள். என் பிரசவத்துக்கு வந்து பத்தியம் வடித்துப் போட்டாள். யாராவது ஏனென்று கேட்டால், "அந்த ஊட்டுல எங்கிட்டப் பொய் சொல்லாதவ இவ ஒருத்திதான்" என்பாள். நான் எத்தனையோ தடவை சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போயிருக்கிறேன். அவள் கையால் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

போன மாசம் சின்னம்மாவை மகள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். வயிற்றில் கட்டி. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு, இன்னும் இரண்டு மூன்று மாசம்தான் என்றார். வராந்தாவில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்டச் சொல்ல வேண்டாங்க்கா. தாங்க மாட்டாங்க" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனோம்.

சின்னம்மா மகளைக் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். "டாக்டரு என்ன சொன்னாரு? நீ சொல்லு."

மகள் என் பின்னால் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

"ரெண்டு மூணு மாசந்தானுங்களாம் சின்னம்மா" என்றேன்.

அவள் கண்ணை மூடினாள். திறந்தபோது அழவில்லை. எப்போது வீட்டுக்கு விடுவார்கள், யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று யோசிக்கிற முகமாக இருந்தது. இப்போதே இன்னொன்றையும் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. "சின்னம்மா, அன்னைக்கு..." என்று வாயெடுத்தேன்.

அவள் அதற்குள் மகள் பக்கம் திரும்பிவிட்டாள். "நாஞ் சொன்னனல்ல? இவ மட்டும் எங்கிட்ட மறைக்க மாட்டா. அன்னைக்கும் மறைக்கல, இன்னைக்கும் மறைக்கல." என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். "என்ன சாமி, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லீங்க சின்னம்மா" என்றேன்.